ஸ்விட்ச் ஊகித்தது

மருத்துவமனையின் சர்வர் வேலையை அருளப்பன் செண்பகவல்லியிடம்தான் கற்றுக்கொண்டவர். அவரைவிடச் செண்பகவல்லி பத்து வயது இளையவர்.

வெள்ளிக்கிழமையிலிருந்து ஸ்கேன் படங்கள் டாக்டர்களின் திரைக்கு வந்துசேரப் பத்து நிமிடம் ஆனது. திங்கள் காலை, தலையில் அடிபட்டு வந்த ஒருவர் படத்துக்காகக் காத்துக்கிடந்தார். அதற்குமேல் அருளப்பனால் பொறுக்க முடியவில்லை.

"தனுஷ்கோடிதான் மேடம். வேணும்னே ஏதோ செஞ்சிருக்கான். அவனை வேலையிலேர்ந்து எடுக்கணும்."

தனுஷ்கோடி அவருக்குப் பக்கத்து மேசைக்காரர், ஒப்பந்த ஊழியர். வெள்ளிக்கிழமை சர்வர் அறைக்குள் போனவர் அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து அருளப்பனைக் கண்டால் போனில் குரலைத் தாழ்த்துகிறார். சட்டென்று திரையை மூடுகிறார்.

"என்ன செஞ்சார்?"

"சர்வரை மத்த கம்ப்யூட்டரோட இணைக்கிற பழைய ஸ்விட்சை எடுத்துட்டுப் புதுசு மாட்டினான். நீங்க சொல்லித்தான். ஆனா உள்ள எதைத் திருகி வெச்சானோ."

செண்பகவல்லி சர்வரின் நெட்வொர்க் கார்டு செட்டிங்கைத் திறந்தார்.

"படிங்க சார்."

"வேகம் நூறு. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அனுப்பலாம். மாறாதபடி பூட்டியிருக்கு."

"பூட்டினது யாரு?"

"நான்தான், ரெண்டு வருஷம் முன்னால. ஆட்டோவில விட்டா கார்டும் ஸ்விட்சும் தங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்கும். எனக்கு அதில நம்பிக்கை இல்ல. பழைய ஸ்விட்சையும் இதே மாதிரி பூட்டியிருந்தேன்."

"தனுஷ்கோடிக்கு இது தெரியுமா?"

"நான் சொல்லல."

செண்பகவல்லி புதிய ஸ்விட்சின் பக்கத்தைத் திறந்தார். வாங்கி வந்தபடியே ஆட்டோவில் இருந்தது. வேகம் நூறு என்று சரியாகவே கண்டுபிடித்திருந்தது. ஆனால், ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டிருந்தது. கார்டோ ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அனுப்பியதால், இரண்டும் அனுப்பியவை மோதி மோதி, அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தன.

அவர் கார்டையும் ஆட்டோவுக்கு மாற்றினார். சோதனைக்கு அனுப்பிய படம் நான்கு நொடியில் வந்துவிட்டது.

அருளப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனம் ஆறவில்லை.

"அவன் கை வைக்காம ஸ்விட்ச் ஏன் அப்படி வெச்சுக்கிச்சு?"

"அது கார்டுகிட்ட கேட்டுது. பூட்டியிருந்ததால கார்டு பதில் சொல்லல. தானா ஒண்ணை ஊகிச்சுக்கிச்சு."

"பதில் வரலைன்னா, இருக்கிறதிலேயே மோசமானதைத்தான் ஊகிக்கணுமா?"

செண்பகவல்லி நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து நீங்க தனுஷ்கோடிகிட்ட எத்தனை வார்த்தை பேசினீங்க சார்?"