ஆயுள் தலைவரின் முதல் செம்பு

வேங்கைநாட்டில் மன்னர் கட்சி என்று ஒரு கட்சி இருந்தது. ராஜா காலத்தில் ஏது கட்சி என்று கேட்காதீர்கள். அரண்மனை என்று ஒன்று இருந்தால் அதற்குள் கட்சியும் இருக்கத்தான் செய்யும். அந்தக் கட்சிக்குள் பசுமை அணி என்று ஓர் அணி. மரத்தையும் ஏரியையும் காப்பது அதன் வேலை. தலைவி செங்கமலம், பெரிய ஏரியின் கரையில் நெல் பயிரிடுகிறவள். யாருக்கும் பயப்பட மாட்டாள்.

அந்தச் செங்கமலம் ஒருநாள் முகம் வாடிப்போய் அரசவை விகடர் சொக்கப்பரின் வாசலில் வந்து நின்றாள்.

"என்னம்மா, உடம்புக்கு என்ன?"

"எல்லாம் ஏரித் தண்ணிதான் ஐயா. எங்க கூட்டம் தொடங்கறப்போ தலைவர் முதல்ல ஒரு செம்பு ஏரித் தண்ணி குடிக்கணும். அது எங்க வழக்கம். போன கூட்டத்துல குடிச்சவ, படுத்த படுக்கையாயிட்டேன். நாவப்பழத்தைக் கரைச்ச மாதிரி இருக்கு தண்ணி. எங்க ஊருக்குக் குடிக்க வேற தண்ணி கிடையாது. இப்போ என் சின்ன மகளுக்கும் வாந்தி."

காரணம் ஊருக்கே தெரியும். ஏரிக்கு மேற்கே புதிதாக ஒரு சாயப்பட்டறை முளைத்திருந்தது. அது அமைச்சர் பேரருளாளரின் மைத்துனருடையது. அமைச்சரின் பெயரில் இருந்த அருளை அவரிடம் தேடினால் பொழுதுதான் வீணாகும்.

"மன்னரிடம் நேராகச் சொல்ல வேண்டியதுதானே?"

"அந்த வழியைத்தான் அடைக்கப் பாக்கறாரு. அணிக்குப் புது விதி எழுதியிருக்காராம். நாளைக்குச் சபையில வாசிக்கிறாராம்."

மறுநாள் பேரருளாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"மன்னா, பசுமை அணியில் ஒழுங்கே இல்லை. ஆளாளுக்குப் புகார் சொல்கிறார்கள். கட்சியின் மானம் சந்தி சிரிக்கிறது. ஆகவே இந்த விதிகள். அணித் தலைவரை இனிக் கட்சிதான் நியமிக்கும். அவர் ஆயுள் முழுவதும் தலைவர். அவரை யாரும் நீக்க முடியாது, அவரும் விலகக் கூடாது. புகார் எதுவானாலும் தலைவர் வாயிலிருந்து மட்டுமே வர வேண்டும். வேறு யாராவது வாயைத் திறந்தால் கசையடி."

"யாரப்பா அந்தத் தலைவர்?" என்றார் மன்னர் மாறவேலர்.

பேரருளாளர் புதுப்பெண்போலத் தலைகுனிந்தார். "நாட்டுக்காக அந்தச் சுமையையும் நானே சுமக்கிறேன்."

சபை முழுவதும் சொக்கப்பரைத் திரும்பிப் பார்த்தது. அவர் சண்டைக்குப் போவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மனிதர் எழுந்து நின்று கைதட்டினார்!

"ஆகா, அருமை! ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது, மன்னா. கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அணியின் பழைய வழக்கங்கள் அப்படியே தொடரும் என்று."

அமைச்சர் அணியின் பெயரைச் சொல்லிப் பல மேடைகளில் மாலை வாங்கியிருக்கிறார். ஆனால் அதன் கூட்டத்துக்கு ஒருநாளும் போனதில்லை. வழக்கம் என்றால் விளக்கேற்றுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், வேறென்ன என்று நினைத்துக்கொண்டார்.

"தாராளமாகச் சேர்க்கலாம்" என்றார். மன்னரின் முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் செங்கமலம் பொங்கிவிட்டாள். "நீங்களும் அவங்க பக்கம் சாஞ்சுட்டீங்களா ஐயா?"

"கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். முதல் கூட்டத்துக்கு ஊரையே கூட்டி வா. மன்னரை நான் அழைத்து வருகிறேன்."

ஏரிக்கரையில் பந்தல் போட்டார்கள். பட்டு அங்கவஸ்திரம் சரசரக்கப் பேரருளாளர் நடுநாயகமாக உட்கார்ந்தார். செங்கமலம் ஏரியில் இறங்கி ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து அவர்முன் நீட்டினாள்.

"இது என்ன?"

"பழைய வழக்கம்" என்றார் சொக்கப்பர். "தலைவர் குடித்தால்தான் கூட்டம் தொடங்கும்."

அமைச்சர் செம்புக்குள் எட்டிப் பார்த்தார். ஊதா நிறம். வாடை மூக்கைத் துளைத்தது.

"எனக்கு இன்று விரதம்."

"அதனாலென்ன? கூட்டத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்."

"நாளைக்கும் விரதம்!"

"உமது விரதம் முடியும்வரை நாங்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம்."

மன்னரும் அதே பந்தலில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். அமைச்சரின் நெற்றியில் வேர்வை அரும்பியது. "நான் பதவி விலகுகிறேன்!"

"விலகக் கூடாது என்று நீரே எழுதியிருக்கிறீர். ஆயுள் முழுவதும் என்றும் எழுதியிருக்கிறீர். வெளியே போக மிச்சமிருப்பது ஒரே வழி. அதை நல்ல நாளும் அதுவுமாக என் வாயால் சொல்ல வேண்டாம்."

செங்கமலம் செம்பை அமைச்சரின் உதட்டருகே கொண்டுபோனாள். ஒரு சொட்டு நாக்கில் பட்டதுதான் தாமதம், மனிதர் துள்ளிக் குதித்தார்.

"தூ! தூ! இதை மனிதன் குடிப்பானா? முழுக்கச் சாயக் கழிவு! அந்தப் பாவி பட்டறையிலிருந்து இரவும் பகலும் திறந்துவிடுகிறான். வேண்டாம் வேண்டாம் என்று என் தங்கைகூடச் சொன்னாள். கேட்டானா?"

சொக்கப்பர் மன்னரை வணங்கினார்.

"மன்னா, புகார் வந்துவிட்டது. தலைவரின் வாயிலிருந்தே வந்திருக்கிறது. விதிப்படி மிகச் சரியான புகார்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டறையை அன்றே மூடச் சொன்னார். ஏரி தெளிகிறவரை ஊருக்கு வண்டி வண்டியாக நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவது மைத்துனரின் பொறுப்பு என்று உத்தரவிட்டார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சொக்கப்பர் கழுத்தில் போட்டார். பிறகு செங்கமலத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்த விதிகளைக் கிழித்துப் போட்டு உன்னையே மறுபடி தலைவி ஆக்கிவிடட்டுமா?"

பேரருளாளர் ஆவலோடு நிமிர்ந்தார். செங்கமலம் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள். பிறகு அமைச்சரைப் பார்த்தாள்.

"வேணாம் மகாராஜா. அவரே ஆயுசுக்கும் இருக்கட்டும். மாசாமாசம் முதல் செம்பு குடிக்கப்போறவரு அவருதானே? இனிமே ஏரிய எங்களவிட அவரு நல்லாப் பாத்துக்குவாரு."