கட்டிலில் படுத்த கடல்

ஓவியர் செலஸ்டீனா கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினாலும் ஊர் வேடிக்கை பார்க்கும். கிளிப்பச்சை அங்கி, பத்து விரலிலும் மோதிரம், பட்டப்பகலில் சரிகைக் குடை. தன் கண்காட்சிக்கே லாரி மேல் ஏற்றிய மீன்பிடி வள்ளத்தில் நின்றபடி, பேண்டு வாத்தியத்தோடு வந்து இறங்கியவள். தூத்துக்குடியில் அவளைக் கிறுக்கி என்றவர்களும் அன்றைக்கு முதல் ஆளாய் உள்ளே போனார்கள். சும்மா சொல்லக்கூடாது, சரக்கு இருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு சிஷ்யர். பூவலிங்கம், வயது ஐம்பத்தேழு. குருவுக்கோ நாற்பதுகூட ஆகவில்லை. நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷம் ஊர் ஊராக அளந்து வரைபடம் போட்டவர், அவள் படம் ஒன்றைப் பார்த்துச் சொக்கிப்போய், வேலையை உதறிவிட்டு வந்தார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து மனைவி சந்தனமாரி அவரோடு பேசுவதில்லை. குருவின் கண்காட்சியில் தன் படம் ஒன்றாவது தொங்கினால் மனைவி முகத்தில் விழிக்கலாம் என்று மனுஷர் தவியாய்த் தவித்தார்.

படம் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. பூவலிங்கம் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! மஞ்சள் ஜிப்பா, மீசைக்கு நீலச் சாயம், காதில் செம்பருத்தி. குரு எவ்வழி சிஷ்யன் அவ்வழி என்று நினைத்துவிட்டார், பாவம்.

ஆறு படங்களை வரிசையாகச் சாய்த்து வைத்தார். பேப்பர் படிக்கும் ஆடு. இறக்கை முளைத்த இட்லிக் கொப்பரை. மீன் ஓட்டும் பஸ். இன்னும் இந்த மாதிரி மூன்று.

செலஸ்டீனா கொட்டாவி விட்டாள்.

"எப்படி டீச்சர் இருக்கு?"

"பொய்யா இருக்கு."

பூவலிங்கத்துக்குச் சுருக்கென்றது. "உங்க படத்துல கடல் போர்வையைப் போத்திக்கிட்டுக் கட்டில்ல படுத்திருக்கே. அது மட்டும் மெய்யா? அதைப் பார்த்துத்தானே நான் வேலையையே விட்டேன்!"

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கப்பா கடலுக்குப் போனவர் திரும்பலை. எனக்கு அப்ப ஏழு வயசு. அம்மா பன்னிரண்டு வருஷம் கட்டில்ல ஓரமாத்தான் படுத்தா. மறுபாதியில என்னைக்கூடப் படுக்க விடலை. அங்க யாரு படுத்திருந்தா, சொல்லுங்க?"

பூவலிங்கம் காதிலிருந்த செம்பருத்தியை எடுத்துக் கீழே வைத்தார்.

"நான் கண்ணால பார்த்தேன் சார். பார்த்ததைப் போட்டேன்."

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்குள்ளே இப்படி ஒரு மனுஷியா என்று அவருக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. தன் ஆட்டையும் கொப்பரையையும் பார்க்க வெட்கமாக இருந்தது.

"எனக்கு அப்படி எதுவும் நடக்கலையே டீச்சர். எந்திரிக்கிறேன், குளிக்கிறேன், சாப்பிடுறேன்."

"சோறு யாரு போடுறா?"

"அவதான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குழம்பை நகர்த்தி வைப்பா. பேச்சு கிடையாது. கையை நீட்டினா தொட்டுடலாம். ஆனா ரெண்டு மைலுக்கு அப்பால இருக்கிற மாதிரி இருக்கும்."

சொன்னவரே திடுக்கிட்டார்.

செலஸ்டீனா எழுந்தாள். ஆறு படங்களையும் ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். புதுக் கித்தான் ஒன்றை எடுத்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"எத்தனை மைல்?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சு எனக்கு வேண்டாம். ஊரையெல்லாம் அளந்தவர் நீங்க. சரியாச் சொல்லுங்க."

பூவலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலரை," என்றார்.

"அப்ப நாலரை மைலுக்குச் சாப்பாட்டு மேசையைப் போடுங்க சார். ஒரு முழம் குறைஞ்சாலும் வீட்டுல கண்டுபிடிச்சிடுவாங்க."