கரிச்சான் வாலைச் சுட்ட ஆணி

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. பேசினால் யாராவது காது கொடுப்பார்கள் என்று நம்பவும் செய்தன.

இன்று நாம் கரிச்சான் என்று கூப்பிடும் குருவி அப்போது கொக்கைப் போல வெள்ளை. வாலும் மற்றக் குருவிகளுக்கு இருப்பதுபோல விசிறி மாதிரி விரியும். ஏரிக்கரை வேலமரத்தில் கூடு கட்டி, இரண்டு குஞ்சுகளை வளர்த்துவந்தாள். ஒரு நாள் வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு திரும்பினால், கூட்டில் ஒரே ஒரு குஞ்சு. மற்றது பருந்தின் காலில் தொங்கிக்கொண்டு போனது.

கதறிக்கொண்டு பின்னாலேயே பறந்தாள். பருந்து பதறவில்லை.

"எதுக்கு இந்தக் கூச்சல்? இன்னொண்ணு இருக்குல்ல? அதுக்கு இறக்கை முளைக்கட்டும், கொஞ்சம் சதை போடட்டும். அப்புறம் வர்றேன்" என்றான்.

சொல்லிவிட்டு வந்து திருடுகிறவனை என்ன செய்வது? பறவைகளின் பஞ்சாயத்துக்குப் போனாள். அங்கே தலைவர் காகத்தார். பருந்து தின்று போட்ட மிச்சம் தினமும் அவர் வாசலில்தான் விழும். எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"குஞ்சைத் தனியா விட்டுட்டு எங்கேம்மா போனே?" என்று கேட்டார் காகத்தார்.

"இரை தேடத்தான் ஐயா."

"ஆக, போயிருக்கே. கூட்டை ஏன் இப்படி வானம் பார்க்கக் கட்டினே?"

"உங்க கூடும் அப்படித்தானே ஐயா இருக்கு?"

"எதிர்த்துப் பேசாதே. குஞ்சு சத்தம் போட்டுச்சா?"

"பசிச்சா போடாதா?"

"அவ்வளவு சத்தம் போட்டுக் கூப்பிட்டுட்டு, வந்தவர்மேல் குற்றம் சொன்னால் எப்படி?" என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

இது என்ன நியாயம்! தின்றவனிடம் ஒரு கேள்வி கிடையாது. பறிகொடுத்தவளிடம்தான் அத்தனை கேள்வியும்.

பக்கத்து மரத்து மணிப்புறா மெதுவாக வந்தாள். "விடு தங்கச்சி. நாம பேசினா அவன் கண்ணு நம்ம பக்கமும் திரும்பிடும்."

"இன்னைக்கு என் கூடு. நாளைக்கு உன் கூட்டுக்கு வரமாட்டானா அக்கா?"

புறா தன் மரத்துக்கே திரும்பிப் பறந்துவிட்டாள்.

கரிச்சானுக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பூச்சி பிடிக்கப் போகும்போது கொல்லன் பட்டறையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். வண்டித்தடத்தில் கிடந்த மாட்டு லாட ஆணி ஒன்றைத் தூக்கிவந்தாள். அதைக் காய்ச்சித் தட்டி முள்ளாக்கி வைத்துக்கொண்டால், பருந்தின் முதுகில் ஏற்றலாம்.

ஏரியோரத்து வழவழப்பான கற்களைப் பொறுக்கிச் சின்னதாக ஓர் உலை கட்டினாள். தீ மூட்டினதும் கற்கள் படார் படாரென்று வெடித்தன. நல்லவேளை, கண்ணில் படவில்லை.

ஏரியிலிருந்த தவளை விழுந்து விழுந்து சிரித்தான். "தண்ணி குடிச்சுக் கிடந்த கல்லை எவளாவது நெருப்புல வைப்பாளா?"

மறுபடி தொடங்கினாள். புற்றுமண்ணை உமியோடு பிசைந்து, தேங்காய்ச் சிரட்டை அளவுக்குக் குழித்துக் காயவைத்தாள். அறுவடைக்குப் பின் சோளத்தட்டை எரித்த வயலிலிருந்து ஒவ்வொன்றாகக் கரித்துண்டும் கங்கும் கொண்டுவந்து நிரப்பினாள். கங்கு சாம்பல் பூத்ததே தவிர, ஆணி சிவக்கவில்லை. காற்று போதவில்லை.

"தவளை அண்ணே, கொஞ்சம் ஊதிக் கொடேன்."

"நான் ஊதுறது மழைக்குக் கத்த. கொல்லு வேலைக்கில்லை."

"ஏண்ணே, பருந்து தவளை தின்னமாட்டானா?"

தவளை தத்தித் தத்திக் கரையேறி வந்தான். பிறகு, "ஊதுற குழாயை எங்கே சொருகுறே?" என்றான்.

உலையின் அடியில் ஓட்டை போட்டு, உள்ளே வெறுங்கூடாக இருந்த ஆமணக்குத் தண்டைக் குழாயாகச் சொருகினாள். தவளை தொண்டையை உப்பி உப்பி ஊதினான். கரி கனன்றது. ஆணி சிவந்தது.

"எடு, எடு! ஆமா, எதால எடுக்கப்போறே?"

அவள் அதை யோசிக்கவே இல்லை. கொல்லன் கையில் குறடு இருந்ததைப் பார்த்தும், குறடு வேண்டும் என்று தோன்றவில்லை. அலகை நீட்டினாள். அனல் அடித்தது. அலகு வெந்துபோனால் குஞ்சுக்கு எதைக் கொண்டு ஊட்டுவது?

அந்த நேரம் பார்த்துத்தான் பருந்து வந்தான். கூட்டின்மேல் நிழல் விழுந்தது. அம்மாதான் வந்துவிட்டாள் என்று குஞ்சு வாயைத் திறந்து காட்டியது.

கரிச்சான் உலைக்கு முதுகைத் திருப்பினாள். வாலைக் கங்குக்குள் விட்டு, வாலாலேயே ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். வாலின் நடுச்சிறகுகள் பொசுங்கி உதிர்ந்தன. ஓரச் சிறகுகள் சூட்டில் வெளிப்பக்கம் வளைந்தன. கரிப்புகை உடம்பெல்லாம் அப்பிக்கொண்டது. அப்படியே பாய்ந்து, கூட்டில் கால் வைத்திருந்த பருந்தின் முதுகில் ஆணியால் சூடு இழுத்தாள். அவன் போட்ட அலறல் அக்கரைவரை கேட்டது. ஆணி நழுவி ஏரியில் விழுந்து, சுர்ரென்று அடங்கியது.

குஞ்சு பிழைத்தது.

மறுநாளே காகத்தார் வந்துவிட்டார். "மரத்தடியில் தீ மூட்டினது மகா பெரிய குற்றம்!"

"இன்னைக்குத்தான் உமக்குச் சட்டம் ஞாபகம் வந்துச்சா?" என்று அவர் தலையிலேயே ஒரு கொத்துக் கொத்தினாள். காகத்தார் பறந்த வேகத்தில் பஞ்சாயத்தும் கலைந்தது.

மணிப்புறா சுள்ளியோடு வந்து நின்றாள். "தங்கச்சி, இந்தக் கிளை காலியா?"

கரிச்சான் அவளை வெகுநேரம் முறைத்தாள். "கட்டிக்கோ. ஆனா அடுத்த தடவை நீயும் கத்தணும்."

கரிச்சானிடம் இப்போது ஆணியும் இல்லை, உலையும் இல்லை. பருந்துக்கு அது தெரியாது. உடம்பு முழுக்கக் கரியும் நடுவில் பிளந்த வாலுமாக, தன்னில் கால்வாசிகூட இல்லாத அந்தக் குருவி விரட்டினால் பருந்து திரும்பிப் பார்க்காமல் ஓடுவதும், புறாக்கள் அவள் மரமாகத் தேடிவந்து கூடு கட்டுவதும் அன்று முதல்தான்.