பேன் பார்த்த குடும்பம்

அருவிச் சத்தம் ஓயாத ஒரு காட்டில், குழந்தைகளே, தலைமுறை தலைமுறையாகப் பேன் பார்த்துப் பிழைத்த ஒரு குரங்குக் குடும்பம் இருந்தது.

அந்தக் குடும்பத்தின் மூத்தவள் ஒரு பாறையில் உட்கார்ந்து மான்களுக்கு உண்ணி எடுத்தாள். அவள் மகள் கோதை அதோடு பூந்திக்கொட்டை நுரையும் செம்பருத்திச் சாறும் சேர்த்தாள். கரடிகளும் வரத் தொடங்கின. கோதையின் மகள் அல்லி ஓயாத உழைப்பாளி. நான்கு மலைகளில் கடை போட்டாள். வேலைக்கு ஆள் வைத்தாள். சிங்கம் பிடரியைச் சீவிக்கொள்ள வந்தால் மட்டும் தானே கை வைப்பாள்.

கோதையின் கணவன் மருதன் கூச்சக்காரன். காடெல்லாம் அலைந்து பூந்திக்கொட்டை பொறுக்கி வருவது அவன் வேலை. கோதை இருந்தவரை, வந்தவர்கள் எல்லாரும் போனபின் அவன் தலையைப் பார்ப்பாள். அவள் இறந்த பிறகு அந்தத் தலையை யாரும் தொடவில்லை. பொழுது சாய்ந்தால் அவனுக்குத் தலை அரிக்கும். அதைவிட அதிகமாக அந்த விரல்களை மனம் தேடும். அப்படிப்பட்ட விரல்கள் இப்போது அல்லிக்கு மட்டுமே இருந்தன.

ஒருநாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "அல்லி, கொஞ்சம் என் தலையை..." என்று ஆரம்பித்தான்.

"ஆட்களிடம் சொல்லுங்கள் அப்பா, நன்றாகவே பார்ப்பார்கள்," என்று சொல்லிக்கொண்டே அவள் அடுத்த மலைக்குத் தாவிப் போய்விட்டாள்.

மருதன் திரும்பும் வழியில் தந்திரக்கார நரி எதிர்ப்பட்டது.

"என்ன மாமா, முகம் தொங்கிக் கிடக்கிறது?"

மருதன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அப்பாவாகப் போனால் கிடைக்காது மாமா. பெரிய இடத்து ஆளாகப் போங்கள்," என்றது நரி. காய்ந்த புல்லை முறுக்கி, அவன் முகத்தைச் சுற்றிப் பிடரி போலக் கட்டிவிட்டது. "இப்போது நீங்கள் மேல்மலைச் சிங்கவால் குரங்கு ராஜா. வாயைத் திறக்காதீர்கள். ராஜாக்கள் உறுமினால் போதும்."

ராஜா வந்திருக்கிறார் என்றதும் அல்லியே ஓடி வந்தாள். அவனை உட்கார வைத்துப் பின்னால் அமர்ந்தாள்.

முதலில் இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாள். கோதையும் அப்படித்தான் தொடங்குவாள். மருதன் கண்களை மூடிக்கொண்டான். உறுமவும் மறந்துபோனான். தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. புல் பிடரி கழன்று தரையில் விழுந்தது.

நுரை பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த வாயாடிக் கரடி விழுந்து விழுந்து சிரித்தது.

"அட, நம்ம பூந்திக்கொட்டைக்காரர்! நாலு மலையில் கடை நடக்கிறது. முதலாளியம்மாவின் அப்பா தலையில் பேன்கள் பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்துகின்றன."

அல்லி குனிந்துகொண்டாள். "எதற்கப்பா இந்த வேஷம்? இவ்வளவு பேனை வைத்துக்கொண்டு எப்படித்தான் இருந்தீர்கள்?"

"உன் அம்மா போனதிலிருந்து யாரும் பார்க்கவில்லை, அம்மா," என்றான் மருதன். "நீ தொட்டால் அவள் தொட்டது போல இருக்கும் என்று வந்தேன். தப்புதான். உனக்கு வேலை இருக்கும், நான் கிளம்புகிறேன்."

அவன் எழுந்தான். அல்லி தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

அப்போது வேலைக்காரக் குரங்கு ஒன்று மூச்சு வாங்க ஓடி வந்தது. "அக்கா, சிங்கம் வந்து நிற்கிறது."

"உட்காரச் சொல்," என்றாள் அல்லி, தகப்பனின் மயிரை வகிர்ந்தபடியே. "இவர் முதலில் வந்தவர்."

நீதி: ஊராரை அழகாக்கி வளர்கிற குடும்பம், தன் வீட்டாரையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.