இரத்தினமங்கலம், வெகு வடக்கு

முன்னொரு காலத்தில் வீம்பாபுரி என்றொரு நாட்டை அகண்டவர்மன் என்கிற மகாராஜா ஆண்டுகொண்டிருந்தார். அந்த நாட்டில் தேர்கள் ஆகாயத்தில் பறந்தன. எப்படிப் பறந்தன என்று என்னைக் கேட்காதீர்கள். மகாராஜாவுக்கே தெரியாது, நான் எந்த மூலை?

தேர்களைக் கட்டி மேய்க்க உத்தண்டன் என்றொரு ஆகாயத் தளவாய் இருந்தான். அவன் செல்லப்பிள்ளை ‘கஜேந்திரம்’ என்ற ராட்சதத் தேர். நானூறு பட்டு மெத்தை, நாலு சமையல்காரர், ஒரு நாதஸ்வர கோஷ்டி. கடல் தாண்டி பட்டைத்தீவின் தலைநகரான இரத்தினமங்கலத்துக்குப் போகும். வேறெங்கும் போகாது. அந்த உடம்பு இறங்க ஒரு காதத்துக்குக் கல் பாவிய தரை வேண்டும். தீவிலே அது இரத்தினமங்கலத்தில் மட்டும்தான் உண்டு.

ஒருநாள் சபைக்கு வேலாத்தா வந்தாள். சந்தைக்குச் சந்தை வாடகை மாட்டுவண்டி ஓட்டுகிறவள்.

“ஏனுங்க தளவாயரே, எம் மக பட்டைத்தீவுல நிறைமாசமா இருக்குது. தலைப்பிரசவம். பக்கத்துல நான் இருக்கோணும். உங்க கஜேந்திரம் எப்பங்க கெளம்பும்?”

“நிறைந்ததும் கிளம்பும்.”

“எப்பங்க நிறையும்?”

“கிளம்பும்போது நிறைந்திருக்கும்” என்றான் உத்தண்டன். சபை ‘ஆஹா’ என்றது. சம்பளம் வாங்குகிற சபை, வேறென்ன சொல்லும்?

வேலாத்தா மகாராஜா பக்கம் திரும்பினாள். “மகராசா, கொட்டகையில ரெண்டு சின்னத் தேர் தூசி அடைஞ்சு கெடக்குது. அதைக் குடுங்க. சனங்களை நான் கொண்டுபோய் விடறேன்.”

“அந்தச் சிட்டுக்குருவிகளா?” உத்தண்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஏதாவது பெரிதாகக் கேளம்மா!”

“ரெண்டும் ஒரே சாதித் தேருங்க. ஒண்ணுல அச்சு முறிஞ்சா இன்னொண்ணோட அச்சு பொருந்தும். ஓட்டத் தெரிஞ்சவன் ரெண்டையும் ஓட்டுவான். உங்க கஜேந்திரத்துக்கு ஒரு ஆணி போச்சுன்னா ஆணி செய்யறவனை எந்த ஊர்ல போய்த் தேடுவீங்க?”

மகாராஜாவுக்கு நாட்டை ஆளுவதைவிடப் பந்தயம் கட்டுவது பிடிக்கும். “பத்து நாள் கெடு! அதிகம் பேரைத் தீவில் இறக்குகிறவருக்கு ஆகாயம் சொந்தம். நீ தோற்றால் உன் வண்டி, மாடு எல்லாம் உத்தண்டனுக்கு. சம்மதமா?”

“சம்மதமுங்க” என்றாள். மகளை நினைத்துச் சொன்ன வார்த்தை.

வெளியே வந்தவள் வரைபடம் பார்க்கவில்லை. சந்தைக்குப் போய், “தீவுக்கு யார் யார் போறீங்க, எதுக்குப் போறீங்க?” என்று கேட்டாள். அத்தனை பேரின் உறவும் வடக்கே இலவங்கப்பட்டைத் தோட்டங்களில் கூலி வேலை செய்தது. இரத்தினமங்கலத்தில் இறங்கினால் அங்கிருந்து இரண்டு நாள் நடை. தோட்டத்தை ஒட்டியே உப்புமேடு என்றொரு பொட்டல் கிடந்தது. உப்புமேட்டுத் தலைவருக்கு ஆள் அனுப்பினாள். “தாயே, வாடகையே வேண்டாம், வந்து இறங்கு! எங்கள் ஊரில் வெள்ளரிக்காய் வாங்கக்கூட ஆள் இல்லை” என்று பதில் வந்தது.

சிட்டுக்குருவியில் பலகைதான் ஆசனம். முழங்கால் மோவாயில் இடிக்கும். சோறு கிடையாது. மடியில் அடங்காத மூட்டைக்குத் தனிக்காசு. முதல் நடையிலேயே வேலாத்தா தீவுக்குப் போய் மகள் குடிசையில் தங்கி அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டாள். இந்தக் கரையில் அவள் நாத்தனார் பொன்னாயி. தேர் இறங்கும், சனம் குதிக்கும், அடுத்த சனம் ஏறும், மாடு ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் தேர் மேலே போய்விடும். கெடு முடிவதற்குள் தீவில் இறங்கியவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள்.

கஜேந்திரமும் ஒருவழியாக முப்பத்தேழு பேரோடு கிளம்பியது. இரத்தினமங்கலத்து வானத்தில் பதினோரு தேசத்துத் தேர்கள் வரிசையில் நின்றதால் அரைநாள் சுற்றியது. இறங்கியதும் மாலை மரியாதை, வரவேற்புப் பத்திரம். பிறகு மெத்தைகளை உதற மூன்று நாள். அதற்குள் ஓர் ஆணி கழன்றது. பத்தாம் நாள் வரை அங்கேயே நின்றது, வாடகை கொடுத்துக்கொண்டு.

அதில் போயிருந்த உத்தண்டன் வேறு தேசத்துத் தேர் ஒன்றில் கெஞ்சிக் கூத்தாடி ஏறிச் சபைக்கு ஓடி வந்தான். “மோசடி பிரபு! அவள் தேரின் பெயர்ப்பலகையில் ‘இரத்தினமங்கலம்’ என்று எழுதியிருக்கிறாள். இறக்குவதோ பொட்டலில்!”

மகாராஜா கொதித்தெழுந்து சிட்டுக்குருவி ஏறப் போனார். பொன்னாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சாமி, மகுடம் மடியில அடங்காதுங்க. தனிக்காசு.” மகாராஜா வாழ்நாளில் முதல்முறையாக மடியைத் தடவினார். உத்தண்டன் கொடுத்தான்.

உப்புமேட்டில் இறங்கியதும், “எங்கேயடி இரத்தினமங்கலம்?” என்று கர்ஜித்தார் மகாராஜா.

வேலாத்தா பெயர்ப்பலகையைக் காட்டினாள். பெயருக்குக் கீழே எறும்பு எழுத்தில் ‘வெகு வடக்கு’ என்று இருந்தது. “எழுதினது குறும்புதானுங்க, ஒத்துக்கறேன். உப்புமேடுன்னு போட்டா ஒருத்தரும் ஏற மாட்டாங்க. ஆனா மோசடியான்னு ஏறி வந்தவங்களையே கேளுங்க.”

மகாராஜா திரும்பினார். கூட வந்தவர்களில் பாதிப்பேர் அதற்குள் பத்தடி தள்ளி, கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு தகப்பன் மகனின் வெடித்த கையைத் தடவித் தடவிப் பார்த்தான்.

“உங்களில் இரத்தினமங்கலத்துக்குப் போக வேண்டியவர்கள் யார்? கையைத் தூக்குங்கள்!”

ஒரே ஒரு கை உயர்ந்தது. உத்தண்டனுடையது.

மகாராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “இவன் ஒருவனுக்காகவா நானூறு மெத்தை போட்டோம்! தளவாயே, ஆசைப்பட்ட ஊருக்குப் போ. நடந்தே போ. இரண்டு நாளில் சேர்ந்துவிடலாம்.”

பிறகு தொண்டையைக் கனைத்து, “வேலாத்தா! இன்றுமுதல் நீ ஆகாய ராணி, வான மார்க்க...” என்று பட்டம் படிக்க ஆரம்பித்தார். குடிசைப் பக்கமிருந்து “அம்மா!” என்று ஓர் அலறல் கேட்டது.

“சாமி, பட்டத்த அந்தக் கல்லு மேல வச்சிட்டுப் போங்க. மகளுக்கு வலி எடுத்திருச்சு!” வேலாத்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

மகாராஜா அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்தார். வெள்ளரிக்காய்க்காரி ஒருத்தி அவருக்கு ஒன்று நறுக்கிக் கொடுத்தாள். அவர் அதைத் தின்று முடிப்பதற்குள் குடிசையில் பிள்ளை அழுதது. பெண் பிள்ளை. கடல் தாண்டி வந்த பாட்டியின் கையில்தான் அது முதலில் விழுந்தது. நாடு செழித்ததா, மழை பொழிந்ததா என்று நீங்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.