வேழம்மாளின் மூக்கில் பலாக்கொட்டை

மிருகங்களுக்கெல்லாம் வாய் பேச வந்த அந்தக் காலத்தில், அவை நல்லதாக நாலு வார்த்தை பேசியிருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பாதி நேரம் சமையலைக் குறை சொல்லும். மீதி நேரம் பாத்திரத்தைக் குறை சொல்லும்.

காட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரே அடுப்படிதான். மலையடிவாரத்தில், ஓடைக்கரையில் இருந்தது. கரடி சமைக்கும். மதியம் ஒரு வேளை எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கேழ்வரகுக் களி, பூசணிக்காய்க் கூட்டு, பலாப்பழப் பாயசம். சாப்பிட்டு எழுந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசர வேலை வந்துவிடும். மானுக்குக் கால் சுளுக்கிக்கொள்ளும். முயலுக்குத் தூக்கம் வரும். புலிக்குத் தான் புலி என்பது ஞாபகம் வரும். பாத்திரம் மட்டும் குவிந்து கிடக்கும்.

கடைசியில் அந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டது வேழம்மாள் என்ற பெண் யானை.

அவள் வேலையில் ஒரு ஒழுங்கு இருந்தது. கரையில் ஒரு பாறைக்குழி. அதில் பாத்திரங்களைச் சாய்த்துச் சாய்த்து வரிசையாக வைப்பாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. வெயிலில் சூடேறிய குழித்தண்ணீரைத் துதிக்கையால் உறிஞ்சிப் பீய்ச்சுவாள். ஒரு பிடி பூந்திக்கொட்டைத் தூள் போடுவாள். குழியில் வடிந்த அதே தண்ணீரை மறுபடி உறிஞ்சி மறுபடி பீய்ச்சுவாள். பத்துத் தடவை இப்படி. முடிவில் ஓடைத் தண்ணீரால் ஒரு அலசல். வீட்டில் பாத்திரம் கழுவும் மிஷின் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கதவுக்குப் பின்னால் அதுவும் இதைத்தான் செய்கிறது.

இதற்குக் கைம்மாறாக வேழம்மாளுக்கு ஒன்று கிடைத்தது. கோடையில் ஓடை வற்றிவிடும். வற்றாதது மருதமரத்தடி மடு ஒன்றுதான். மற்றவர்கள் அங்கே வந்து குடித்துவிட்டுப் போகலாம். பாத்திரம் கழுவுகிறவருக்கு மட்டும்தான் கோடை முழுக்க அங்கேயே தங்கும் உரிமை. அந்த வருஷம் அவளுக்கு மடு கட்டாயம் வேண்டியிருந்தது. இருபது மாதம் சுமந்தாயிற்று. சித்திரையில் பிரசவம். தண்ணீரும் நிழலும் இல்லாத பொட்டலில் அந்த வெயிலில் குட்டி பிறந்தால் பிழைக்குமா என்பதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மாசி மாதம் தொந்தரவு ஆரம்பித்தது.

முதலில் மயில். "கரடியண்ணே, இது இன்னைக்கு வச்ச களியா, நேத்து வச்ச களியா? என் கொட்டாங்கச்சியில ரெண்டும் இருக்கு."

அடுத்து மான். கிண்ணத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறதாம். புலிக்கு நாற்றம் தாங்கவில்லையாம். காட்டுப்பன்றி மட்டும், "எனக்கு ஒண்ணும் தெரியலையே, ருசியாத்தானே இருக்கு?" என்றது. அதன் சாட்சியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

குறை எங்கே என்று வேழம்மாளுக்குத் தெரியும். துதிக்கையின் ஒரு துளையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. இன்னொன்று கோணிக்கொண்டு பாய்ந்து, பாத்திரத்தை விட்டுவிட்டுப் பக்கத்து மரத்தைக் குளிப்பாட்டியது. மூச்சு விட்டால் 'கொர்' என்று ஒரு சத்தம். ஆனால் வாயைத் திறந்து சொன்னால் வேலை போகும், வேலை போனால் மடு போகும். பேசாமல் இருந்தாள்.

இப்படி ஒன்று பழுதானால் ஊரில் எத்தனை நிபுணர்கள் முளைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். குரங்கு முந்திக்கொண்டது.

"தூள் பத்தலை. நீ கஞ்சத்தனம் பண்றே" என்று சொல்லி, ஒரு கூடை பூந்திக்கொட்டைத் தூளை அப்படியே குழிக்குள் கவிழ்த்தது.

நுரை பொங்கியது. குழியை நிரப்பி, கரை ஏறி, மதியத் தூக்கத்தில் இருந்த முயலின் வளைக்குள் புகுந்தது. வெளியே வந்த முயலைப் பார்த்துப் புலி, "இந்தச் செம்மறியாடு யாரு, புதுசா இருக்கே?" என்று விசாரித்தது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு முன்னைவிட இரண்டு மடங்கு.

"அப்படின்னா உள்ளே எங்கேயோ சிக்கியிருக்கு. ரெண்டு தட்டு தட்டினா தானா ஓடும்" என்று சொன்ன குரங்கு, வேழம்மாளின் விலாவில் ஓங்கி இரண்டு அறை விட்டது.

வேழம்மாள் மெதுவாகத் திரும்பினாள். "இன்னும் ஒண்ணு தட்டிப் பாரேன்" என்றாள்.

மரமேறிய குரங்கு இரண்டு நாள் இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் மைனா வந்தது. வாய் என்றால் அப்படி ஒரு வாய். "பழசை வச்சுக்கிட்டு எத்தனை நாள் மாரடிப்பீங்க? ஆளை மாத்துங்க. ஆத்துல என் சிநேகிதர் இருக்கார்" என்று சொல்லி, மறுநாள் காலையில் ஒரு முதலையைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியது. முதலைக்கு அந்த மடுவின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். மைனாவுக்கு முதலையின் பல்லிடுக்கில் கிடைப்பதுதான் சாப்பாடு.

"வாயைப் பாருங்க! அறுபது கிண்ணம் ஒரே மூச்சுல அடங்கும். பல்வரிசையைப் பாருங்க, பாத்திரம் நிக்கறதுக்குன்னே வச்ச மாதிரி. சத்தம்? துளிகூடக் கிடையாது. பக்கத்துலேயே குழந்தை தூங்கலாம். கேரண்டி ஏழு தலைமுறைக்கு."

எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். மான் முதலையின் முதுகைத் தட்டி, "நல்ல கெட்டி" என்றது. மயில், "கலர்கூட நம்ம பாறைக்குப் பொருத்தமா இருக்கு" என்றது. கரடி அதன் வாலைத் தூக்கிப் பார்த்து, "கனமாத்தான் இருக்கு. கனமா இருந்தா நல்லா உழைக்கும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. அன்று மதியம் ஒரு வெள்ளோட்டம். சரியாக வந்தால் வேலையும் முதலைக்கு, மடுவும் முதலைக்கு.

வேழம்மாள் மரநிழலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் குட்டி புரண்டது.

கூட்டத்தில் வாயைப் பிளக்காமல் நின்றது ஒரே ஒரு ஆள்தான். சிமிட்டி என்கிற கீரிப்பெண். எந்தப் பொந்தாக இருந்தாலும் உள்ளே தலையை விட்டுப் பார்க்காமல் நம்புகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"மைனா, ஒரு சந்தேகம்" என்றாள். "சத்தமே வராதுங்கறே. அப்ப உள்ளே தண்ணி சுத்துதா, சும்மா கிடக்குதா?"

"அது வந்து... புது முறை."

"கனமா இருக்காரே, அது பூராவும் அவரா, இல்ல நேத்து முழுங்கின மீனா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க?"

"இன்னும் முடிக்கலை. உள்ளே ஏதாவது அடைச்சுக்கிட்டா, அந்த வாய்க்குள்ள கையை விட்டு எடுக்கப்போறது யாரு? நீயா, கரடியண்ணனா?"

கரடி தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு பின்னால் கட்டிக்கொண்டது.

"இவர் கெட்டுப்போகவே மாட்டார்" என்றது மைனா.

"சரி, நடத்து" என்றாள் சிமிட்டி. மதியம் மைனா வரிசையாக வைத்த கொட்டாங்கச்சிகளைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "இதெல்லாம் இன்னும் ஒரு வாய் களி பாக்காத புதுசு. இதைக் கழுவ முதலை எதுக்கு? அடிப்பிடிச்ச களிப்பானையைக் கொண்டாங்க."

கரடி பானையைக் கொண்டு வந்தது. அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கருகல். முதலை வாயைத் திறந்தது. பானையை வைத்தார்கள். வாய் மூடியது. சத்தம் இல்லை.

"பாத்தீங்களா!" என்று மைனா குதித்தது.

அப்புறம் ஒரு 'மடக்'.

"கழுவியாச்சா?" என்று கேட்டாள் சிமிட்டி.

"ஆச்சு" என்றது முதலை.

"பானை எங்கே?"

முதலை மைனாவைப் பார்த்தது. மைனா தொண்டையைச் செருமிக்கொண்டது. "அதாவது, பாத்திரமே இல்லைன்னா அழுக்கு எங்கிருந்து வரும்? நீங்க இதை அந்தக் கோணத்துல பாக்கணும்."

"என் ஒரே களிப்பானை!" என்று கரடி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

இத்தோடு முதலையை விரட்டியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. புலி யோசனையோடு சொன்னது: "இருந்தாலும், வேழம்மாளும் சரியில்லையே. பானை போனாலும் தொலையுது, நேத்து வச்ச களியைத் தின்னாம இருக்கலாம்." அதற்கும் நாலு தலை ஆடியது. அவ்வளவு வெறுத்துப் போயிருந்தார்கள்.

சிமிட்டி நேராக வேழம்மாளிடம் போனாள். "அக்கா, மூச்சு விடும்போது கொர்ருங்குதே, எத்தனை நாளா?"

"அது... சளி."

"சளியாவது ஒண்ணாவது. மூக்கைக் காட்டுங்க."

"வேண்டாம் சிமிட்டி."

"நாளைக்கு மடுவை அவன் எடுத்துக்குவான், நீங்க பொட்டல்ல நின்னு பிள்ளை பெத்துக்குவீங்க. அது பரவாயில்லையா? நான் உள்ளே போய்ப் பாக்கறேன்."

"உனக்குப் பைத்தியமா? நான் தும்மினா என்ன ஆவே?"

"பறப்பேன். உறிஞ்சினா?"

"அது எனக்கே தெரியாது."

"அப்ப தயவுசெஞ்சு உறிஞ்சாதீங்க."

தன் மூக்கை இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுத்த யானை அதற்கு முன் கிடையாது. ஆனாலும் வேழம்மாள் துதிக்கையை நீட்டித் தரையில் வைத்தாள். வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சிமிட்டி தலையை நுழைத்தாள். உடம்பு போயிற்று. வால் மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது. அப்புறம் வாலும் இல்லை. காடே வாயை மூடிக்கொண்டு நின்றது. அந்தக் காலத்தில் அது நடந்ததே ஒரு அதிசயம்.

உள்ளேயிருந்து, பானைக்குள் பேசுகிற மாதிரி குரல் வந்தது.

"பூசணி விதை. ஒண்ணு, ரெண்டு... எண்ணி முடியாது. மாங்கா நாரு. மீன் முள்ளு, அடுப்படியில மீனே கிடையாது, இது யாரோட திருட்டுத் தீனி? அட, மயிலிறகுகூட இருக்கு!"

மயில் ஆகாயத்தைப் பார்த்தது.

"மேல பெரிசா ஒண்ணு குறுக்கே நிக்குது. இருங்க, பிடிச்சுட்டேன். அசையாதீங்க அக்கா."

அக்கா அசையவில்லை. கண்ணில் நீர் ஊற்றியது. கீரியின் வால் உள்ளே சுழன்று சுழன்று கூசியது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வயிற்றுக்குள் இருந்த குட்டிக்கு இதெல்லாம் தெரியுமா? சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு உதை விட்டது.

வேழம்மாள் தும்மினாள்.

பக்கத்து மர இலையெல்லாம் திரும்பிக்கொண்டது. இரண்டு துளையிலிருந்தும் விதையும் நாரும் முள்ளும் தெறித்தன. சிமிட்டி ஒரு பலாக்கொட்டையைக் கட்டிப்பிடித்தபடி வெளியே வந்து, பந்தி வரிசைக்கு மேலே பறந்து, வைக்கோல் போல் காய்ந்து கிடந்த நாணற்புதரில் போய் விழுந்தாள். நடுவழியில் கைநழுவிய கொட்டை முதலையின் மூக்கில் 'ணங்' என்று பட்டது. ஏழு தலைமுறை கேரண்டிக்காரர் 'ஐயோ' என்று அலறினார். வெள்ளோட்டத்தில் அவரிடமிருந்து வந்த பெரிய சத்தம் அதுதான்.

வேழம்மாள் ஒரு மூச்சு இழுத்தாள். கொர் இல்லை. குழித்தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சினாள். இரண்டு துளையிலும் நேராக, வேகமாக வந்தது. முதல் பாய்ச்சலை மைனாவின் மேலே விட்டாள். தவறி நடந்துவிட்டது என்று பிற்பாடு சொன்னாள்.

புதரிலிருந்து தட்டித் துடைத்துக்கொண்டு வந்த சிமிட்டி கொட்டையைப் பொறுக்கி எல்லோர் முன்னாலும் நீட்டினாள். "பாயசத்தைக் குடிச்சுட்டுக் கொட்டையைக் கிண்ணத்துலேயே போட்டது யாரு?"

பாயசம் குடிக்காதவர் ஒருவரும் இல்லை.

மான் முனகியது: "கழுவத்தானே குடுக்கறோம்? எல்லாத்தையும் நாங்களே சுத்தம் பண்ணிக் குடுத்தா, அப்புறம் கழுவ என்ன இருக்கு?"

அதுவரை ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாத வேழம்மாளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"அழுக்கைக் கழுவறேன் தாயி. உன் மிச்சத்தைச் சேத்து வைக்க என் மூக்கு என்ன குப்பைக்குழியா? நீங்க போடறதைத்தானே நான் திரும்பத் திரும்ப உறிஞ்சறேன்? இனிமே என் கைக்கு வர்றது எதுவானாலும் முதல்ல இதுதான்!"

பக்கத்தில் கிடந்த கிண்ணத்தைத் துதிக்கையால் எடுத்தாள். தன் முன்னங்காலில் 'டக்' என்று ஓங்கித் தட்டினாள். கெட்டியான களி ஒரு உருண்டை விழுந்தது. அடுத்த கிண்ணம். டக். இரண்டு பலாக்கொட்டை. அடுத்தது. டக். எலும்பு. புலி தலையைக் குனிந்துகொண்டது. அன்றைக்கு இருந்த அத்தனை பாத்திரத்தையும் ஒன்று விடாமல் தட்டினாள். அவள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது. அவரவர் விட்டது அவரவருக்கு அடையாளம் தெரிந்தது. காட்டுப்பன்றி மட்டும் சந்தோஷமாக முன்னால் வந்து, "வீணாப் போகக் கூடாது பாருங்க" என்று குவியலில் இறங்கியது.

பிறகு அவள் வழக்கம்போலக் கழுவினாள். மயில் தன் கொட்டாங்கச்சியை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் அதற்குக் கொஞ்சம் வருத்தம்தான். மடு வேழம்மாளுக்கே என்று புலி சொல்ல, யாரும் மறுக்கவில்லை. முதலைக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை போகவில்லை. ஒரு கிண்ணமாவது போட மாட்டார்களா என்று ஆற்றங்கரையில் வாயைத் திறந்தபடி கிடக்கிறது.

சித்திரையில், மருதமரத்தடியில், இடுப்பளவுத் தண்ணீருக்குப் பக்கத்தில் குட்டி பிறந்தது. வேழம்மாளுக்கு அதற்குள் கை பழகிவிட்டது. பாத்திரம் என்றில்லை, துதிக்கையில் எது வந்தாலும் காலில் தட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். புல் பிடுங்கினாலும் தட்டு, கிளை ஒடித்தாலும் தட்டு. குட்டி கண் திறந்ததிலிருந்து பார்த்தது அதைத்தான். சாப்பிடுவது என்றால் இப்படித்தான் என்று அதுவும் எடுத்துக்கொண்டது, அதன் குட்டிகளும் எடுத்துக்கொண்டன.

அந்தக் கோடையில் தொடங்கியதுதான்: யானை ஒரு பிடி புல்லைப் பிடுங்கினால், அதை முன்னங்காலில் நாலு அடி அடித்து, மண்ணும் கல்லும் உதிர்ந்த பிறகுதான் வாயில் வைக்கிறது.