ஆறாத உரம்

செங்கோடன் தோட்ட வேலை எடுத்துச் செய்யறவன். கோயமுத்தூருக்கு வெளிய புதுசா முளைச்ச அபார்ட்மெண்ட்டுங்கதான் அவனுக்கு வாடிக்கை. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு குட்டியானை லோடு வண்டி, கொஞ்சம் கத்தரி, மம்பட்டி. பேச்சு ரொம்பக் கம்மி.

அவன்கிட்ட ஒரு பழக்கம் உண்டு. எந்த எடத்துல வெட்டின கிளையோ, கூட்டின எலையோ, செதுக்கின புல்லோ, அது அந்த கேட்டைத் தாண்டி வெளிய போகாது. அங்கியே ஒரு மூலையில குவிச்சு, மக்க வெச்சு, அங்க இருக்கற செடிக்கே போட்டுடுவான். மத்த தோட்டக்காரங்க வண்டி குப்பையோட போகும். இவன் வண்டி வெறும் மம்பட்டியோட போகும்.

அவன்கிட்ட தொழில் கத்துக்க வந்தவதான் பழனாத்தா. அவனுக்கு அத்தை முறை சொல்லலாம், அத்தனை வயசு. மில்லுல வேலை பாத்தவ. மில்லை மூடினதும் மண்ணுல கை வெக்கலாம்னு வந்துட்டா. வாய்னா அப்படி ஒரு வாய். மில்லுல சூப்பர்வைசர் அவ நிக்கற பக்கம் வராம கேண்டீனைச் சுத்திக்கிட்டுப் போவாராம்.

மொத நாளே சொல்லிட்டா.

"தம்பி, நீ குரு, நான் சிஷ்யை. வயசுல சின்னவன்னாலும் ஒத்துக்கறேன். ஆனா தப்புன்னு பட்டா கேப்பேன்."

"கேளுங்கக்கா."

"சத்தம் போட்டுக் கேப்பேன்."

"போடுங்க."

அவளுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம், இவன் வாயத் தெறந்து எதையும் சொல்லித் தர மாட்டேங்கறான்னு ஓடிப் போயிட்டாங்க. பழனாத்தா ஓடல. எதுத்துப் பேசாத ஆளு கெடைச்சா அவ எதுக்கு ஓடறா?

அவன் வாயால சொன்னது ஒண்ணே ஒண்ணு. குவியலுக்குள்ள ஒரு இரும்புக் கம்பிய அடி வரைக்கும் குத்தி வெக்கணும். டீ குடிச்சிட்டு வந்து உருவித் தொட்டுப் பாக்கணும். சுட்டா, உள்ள இன்னும் வேலை நடக்குது. கெளறி மூடிட்டுப் போயிடணும். கெளறினப்பறமும் சூடு ஏறாம, கம்பி சில்லுன்னே வந்தா மட்டும்தான் கூடைய எடுக்கணும்.

"இதென்ன தம்பி, குப்பைக்குப் போயி காய்ச்சல் பாத்துக்கிட்டு."

"காய்ச்சல்தாங்க்கா."



ஐப்பசியில ஒரு அபார்ட்மெண்ட்டை அவ பொறுப்புலயே விட்டுட்டான். சுத்தியும் நாட்டுப்பாதாம் மரம். பின்னாடி ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல ஒரு மூலைய உரத்துக்குன்னு ஒதுக்கியிருந்தாங்க. அந்த மூலையப் பாத்த ஜன்னல் கோதண்டராமன் வீட்டு ஜன்னல். பேங்குல இருந்து ரிட்டயர் ஆனவர். அபார்ட்மெண்ட் சங்கத்துக்குச் செயலாளர். வாசல்ல வரிசையா ரோஜாத் தொட்டி வெச்சிருந்தார். காலைல எந்திரிச்சு அதுங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் பல்லே வெளக்குவார்.

மார்கழி பூரா பாதாம் எலை செவந்து செவந்து கொட்டுச்சு. பழனாத்தா அதையெல்லாம் கூட்டி, காய வெச்சு, மூட்டை மூட்டையாக் கட்டி மூலையில அடுக்கினா. புல்லு வெட்டற வேலை தை மாசம். பச்சைப் புல்லைத் தனியாக் குவிச்சா அழுகி நாறும். காஞ்ச எலையும் புல்லும் மாத்தி மாத்திப் போட்டாத்தான் உரம். அது அவ மொதமொதல்ல சொந்தமாப் போடற குவியல். வீட்டுல கூட அதே பேச்சு.

கோயமுத்தூருப் பக்கம் போகின்னா காப்புக் கட்டறதுதான். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேத்துக் கொத்தா வாசல்ல கட்டுவாங்க. பழனாத்தா வீட்டுல கட்டின கையோட, மூலைக்கும் ஒண்ணு கட்டலாம்னு ஒரு கொத்து எடுத்துக்கிட்டு வந்தா. ஆனா அபார்ட்மெண்ட்டுல மெட்ராஸ் பக்கத்து ஆளுங்க ஜாஸ்தி. அவங்களுக்குக் கொளுத்தினாத்தான் போகி. வீட்டுல எரிக்கறதுக்குப் பழசு ஒண்ணும் இல்ல. கோதண்டராமன்தான் ஜன்னல் வழியா மூட்டையக் காட்டியிருக்கார்.

அவ வந்து சேந்தப்ப சாம்பல் கெடந்துச்சு. பூளைப்பூவைக் கையில புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா.

அப்பறம் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரிதான். புல்லு வெட்டற நாள் வந்துச்சு. காஞ்ச எலை இல்ல. கெடந்த சருகைச் சேத்துப் புல்லைக் குவிச்சா. மூணாம் நாளே நாறிடுச்சு.

கோதண்டராமன் மூக்கைத் துண்டால மூடிக்கிட்டு வந்தார்.

"என்னம்மா, மனுஷங்க குடியிருக்கற எடமா இல்லியா இது?"

"கொளுத்தறப்ப தெரியலீங்களா சார், பின்னாடி நாறும்னு?"

"ஞாயித்துக்கிழமை மீட்டிங். இந்த மூலைய எடுத்துடப் போறோம். லாரி வரட்டும், அள்ளிட்டுப் போகட்டும். உங்க ஆள்கிட்ட சொல்லிடு."

சொன்னா. செங்கோடன் கேட்டுக்கிட்டான்.

"மூலை போச்சுன்னா என்ன தம்பி பண்ணுவ?"

"வேற எடம் பாக்க வேண்டியதுதாங்க்கா. அள்ளி வெளிய கொட்டற வேலைய நான் எடுக்கறதில்ல."

"அப்ப என்ற குவியலு?"

"மீட்டிங்குல நீங்க பேசுங்க."

"நானா? நான் பேசினா அங்க கூரை நிக்காது."

"நிக்கும், நிக்கும்."

அன்னிக்கே ரெண்டு பேரும் வீடு வீடாப் போயி, பார்சல் வந்த அட்டைப்பெட்டிங்களக் கேட்டு வாங்கினாங்க. பட்டையாக் கிழிச்சு, அழுகின புல்லோட கலந்து, கெளறி விட்டாங்க. ரெண்டு நாள்ல நாத்தம் போயிடுச்சு. குவியலுக்குள்ள சூடு ஏறுச்சு. காலைல மேல ஆவி பறந்துச்சு. மேலாப்புல கறுப்பா, பொலபொலன்னு, பாக்கவே நல்ல உரம் மாதிரி இருந்துச்சு.

பழனாத்தாளுக்கு அந்த நெறத்தப் பாத்ததும் ஒரு யோசனை. மீட்டிங்குக்கு முன்னாடி இந்தச் செயலாளரு ரோஜாவே தளதளன்னு நின்னுச்சுன்னா, இவரு எந்த வாயால பேசுவாரு?

அவரு நடக்கப் போன நேரம் பாத்து, கூடை நெறைய அள்ளிக்கிட்டுப் போயி, ஒவ்வொரு தொட்டியிலயும் வேரு மூட வெச்சு அமுக்கினா. கம்பி பக்கத்துலதான் சாஞ்சு நின்னுச்சு. அவ அது மூஞ்சியவே பாக்கல.

சனிக்கிழமை காலைல ரோஜா எலையெல்லாம் ஓரம் கருகி, அப்பளம் மாதிரி சுருண்டு கெடந்துச்சு. மொட்டு தலை தொங்கிடுச்சு.

கோதண்டராமன் தொட்டி முன்னாடி குந்தியிருந்தார். அவளப் பாத்து எந்திரிச்சார்.

"என்ன போட்ட?"

"உரம்."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"நீங்க யாரைக் கேட்டு என்ற எலையக் கொளுத்தினீங்க?"

அவர் தொங்கின மொட்டைக் கையால ஏந்திக் காட்டினார்.

"அது குப்பைம்மா. இது செடி."

சொல்லிட்டு உள்ள போயிட்டார். கதவக் கூட சாத்தல. சண்டையப் பாதியிலயே விட்டுட்டார். அதுதான் அவளுக்குப் பெரிய கடுப்பு.

செங்கோடன் வந்தான். ஒவ்வொரு தொட்டியா, வேரு அடிபடாம, கையால உரத்தச் சொரண்டி எடுத்தான். கீழ ஓட்டை வழியா தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் ஊத்தினான். கருகின கிளைய நறுக்கினான். தொட்டியெல்லாம் நெழலுக்கு நகத்தி வெச்சான்.

"நான் அள்ளறதப் பாத்துட்டுத்தான் சும்மா இருந்தியா தம்பி? குருமாருங்க அப்படித்தான் பண்ணுவாங்களாமே, பட்டுத் தெரியட்டும்னு."

"நான் பாக்கலீங்க்கா. பாத்திருந்தா கூடையப் புடுங்கியிருப்பேன்."

சொரண்டின உரத்தக் கூடையோட தூக்கி அவன் மூலைக்கே கொண்டு போனான்.

"அதை எங்க கொண்டு போற? கெட்ட உரம், தூக்கிப் போடு."

"நல்ல உரம்க்கா. ஆறல, அவ்வளவுதான்."

குவியல் நடுவுல குழி பறிச்சுக் கொட்டி மூடினான்.

அன்னிக்கி சாயந்தரம் வேலை முடிஞ்சு, மூலையிலயே ஒக்காந்து, நாளைக்குப் பேசப் போறத பழனாத்தா அவன்கிட்ட ஒப்பிச்சா. ரோஜா கருகினா என்ன, எலை எரிஞ்சது எரிஞ்சதுதானே? வாரம் பூரா தீட்டி வெச்ச பேச்சு. ஊருக்கெல்லாம் போகி காப்பு, இவங்களுக்கு மட்டும் கொள்ளி. மூக்கைப் பொத்தறவரு அன்னிக்குக் கையப் பொத்தியிருக்கலாம். வீட்டுக் குப்பைய எவன் தலையிலயோ கொட்டறதுக்குப் பேரு சுத்தம்னா, அந்தச் சுத்தம் எந்தக் காலேஜுல சொல்லித் தர்றாங்க? ரோஜாகிட்டப் பேசறவருக்கு மனுஷங்ககிட்டப் பேசத் தெரியாதா? இப்படியே போச்சு.

செங்கோடன் கடைசி வரைக்கும் கேட்டான்.

"எப்படி இருக்குது தம்பி?"

"எல்லாம் நெசந்தாங்க்கா."

"அப்ப பேசிடலாம்."

"அந்தக் கம்பிய எடுங்க."

எடுத்துக் குடுத்தா. வாங்கிக் குவியல்ல அடி வரைக்கும் குத்தினான். வண்டியில ஏறிப் போயிட்டான்.

மறுநாள் காலைல மீட்டிங்குக்கு வந்தவ, கம்பி குத்தின மேனிக்கே நிக்கறதப் பாத்தா. உருவினா. அடி முனையப் புடிச்சுப் பாத்து, வெடுக்குன்னு கைய எடுத்துக்கிட்டா. ஒள்ளங்கை செவந்து போச்சு. கம்பியத் திரும்பக் குத்தி வெச்சுட்டு, புடவையில கையத் தொடைச்சுக்கிட்டு மீட்டிங்குக்குப் போனா.

கார் நிறுத்தற எடத்துல பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தாங்க. மேசை மேல, மத்தது எதுவும் வேண்டாம்னு, கருகின ரோஜாத் தொட்டி ஒண்ண வெச்சிருந்தார் கோதண்டராமன். செங்கோடன் பின்னாடி தூணோரமா நின்னான்.

"இதுக்கு மேல நான் ஒண்ணும் பேச வேண்டியதில்ல" அப்படின்னு சொல்லிட்டு அவர் ஒக்காந்துட்டார்.

பழனாத்தா எந்திரிச்சா. எல்லா வார்த்தையும் நாக்கு நுனியில வரிசை கட்டி நின்னுச்சு. ஒள்ளங்கை எரிஞ்சுச்சு.

"சார் ரோஜாவுக்கு நான் போட்டது ஆறாத உரமுங்க. போடறதுக்கு முன்னாடி பாக்கோணும். பாக்கல. அவரைக் கேக்கவும் இல்ல. தப்பு என்னுதுங்க."

யாரோ சிரிச்சாங்க. "அவங்களே ஒத்துக்கிட்டாங்க சார். முடிஞ்சுது."

மூணாவது வரிசையில ஒரு பொம்பளை கேட்டா. "அதுக்கு முன்னாடி அப்படி நாறுச்சே, அது ஏன்?"

"காஞ்ச எலை பத்தலீங்க. மூட்டை கட்டி வெச்சிருந்தேன். இல்லாம போச்சு."

"எங்க போச்சு?"

பழனாத்தா வாயத் தெறந்தா. அவ வாழ்க்கையில இதை விட நல்ல எடம் வாய்க்காது. அவளுக்கே அது தெரியும். மேசை மேல இருந்த ரோஜாவப் பாத்தா. வாய மூடிக்கிட்டா.

ஒரு சேரு கிரீச்சுன்னுச்சு.

கோதண்டராமன் கண்ணாடியக் கழட்டினார். தொடைச்சார். திரும்ப மாட்டினார்.

"போகிக்கு எரிச்சுட்டோம். நான்தான் காட்டினேன்."

அதுக்கப்பறம் மூலைய எடுக்கறதப் பத்திப் பேச யாருக்கும் வேகம் வரல. அவரே முடிச்சு வெச்சார். "செடி துளுக்கட்டும். அதுவரைக்கும் மூலை இருக்கட்டும். துளுக்கலைன்னா எடுத்துடுவோம்."

பழனாத்தா தலையாட்டினா. விறுவிறுன்னு மூலைக்கு நடந்தா. செங்கோடன் பின்னாடியே வந்தான்.

"தம்பி, ஒரு வார்த்தை பேச விடல, அந்தப் பாழாப் போன கம்பி."

"நல்லாத்தானே பேசினீங்க."

"அதுக்குப் பேரு பேச்சா? நான் சேத்து வெச்சது மொத்தமும் உள்ளயே கெடக்குது. கொள்ளி வெச்சது, மூக்கைப் பொத்தினது, ஒண்ணு வெளிய வரல. அவரு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டாரு, சரி. அதுனால எனக்கு ஆறிடுச்சா? நெஞ்சு காந்துது தம்பி. இத்தனையும் இப்ப நான் எங்க கொண்டு போய்க் கொட்டறது?"

செங்கோடன் குவியல்ல இருந்து கம்பிய உருவினான். தொட்டுப் பாத்தான். இன்னும் சுட்டுச்சு. ஓரமாச் சாச்சு வெச்சுட்டு, மம்பட்டிய எடுத்து அவகிட்ட நீட்டினான்.

"நாம என்னிக்குங்க்கா கேட்டுக்கு வெளிய கொண்டு போய்க் கொட்டியிருக்கோம்?"

பழனாத்தா பதில் சொல்ல வாயத் தெறந்தா. அப்பறம் மம்பட்டிய வாங்கிக்கிட்டா.